இரும்பு மாத்திரையும் சாயத்தண்ணியும்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை கொடுத்திருந்தார்கள். தேநீரின் வகைகளும் பயன்களும். எம்பிலிப்பிட்டியவில் கடையில் நிற்கும் சித்தப்பா வாங்கி வந்த தேயிலைப் பெட்டியொன்றை முன்னால் வைத்துக்கொண்டு, அதன் முதுகில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கறுப்புத் தேநீர் சுறுசுறுப்பு தரும். பச்சைத் தேநீர் உடம்பின் பருமனைக் குறைக்கும். வெள்ளைத் தேநீர் முதுமையைத் தள்ளிப்போடும். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கதவைத் திறந்தால் தேயிலை, ஜன்னலைத் திறந்தால் தேயிலை. இந்தப் பிள்ளை தேயிலையைப் பற்றி ஓர் அட்டைப்பெட்டியிடம் போய்க் கேட்கிறதே!

"எல்லாம் நல்லதாவே எழுதிக்கிட்டுப் போறியே, கெட்டத யாரு எழுதுவா?" என்றேன்.

கெட்டதைக் கேட்கவில்லையாம், பயனை மட்டும்தான் கேட்டிருக்கிறார்களாம். தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள். அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. இவள் என் வயிற்றில் இருந்த காலத்தில் தேத்தண்ணி எங்கள் வீட்டைப் படுத்திய பாடு இவளுக்கு எங்கே தெரியும்? அதைக் கட்டுரையில் எழுதினால் டீச்சர் புள்ளி போடமாட்டார். எனக்கு யாரும் புள்ளி போடவேண்டியதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது ருவான்வெல்லைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில். அங்கே தேத்தண்ணி என்பது விடியுமுன் வயிற்றைச் சூடாக்கும் சாமான், அவ்வளவுதான். இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்பவேண்டும். கடையில் வாங்கிய தூளை அள்ளி, இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டு, கேத்தலிலேயே தளதளவென்று கொதிக்கவிடுவோம். சீனி போடுவதில்லை. கித்துள் மரத்துக் கருப்பட்டியில் ஒரு துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு உறிஞ்சுவோம். அதன் பயன் என்னவென்று கேட்டால், கண் முழிக்கும், குளிர் விடும், உறைந்த இறப்பர்ப் பாலின் நாற்றம் கொஞ்ச நேரத்துக்கு மூக்கை விட்டுப் போகும். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கல்யாணமாகி இரத்தினபுரிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதிலும் தூள் சலிக்கிற பகுதியில் நிற்கிறவர் என்பதால் தேயிலையைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வந்த மறுநாள் காலையில் எங்கள் ஊர் வழக்கப்படி கொதிக்கவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தேத்தண்ணி கேட்டா கஷாயம் வச்சிருக்க?"

புதுப்பெண்ணாவது ஒன்றாவது, எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "குடிச்சா குடிங்க, இல்லாட்டி வச்சிருங்க. எங்க பக்கம் இப்படித்தான்" என்றேன். அவர் குடிக்கவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து தனக்குத் தானே ஊற்றிக்கொண்டார். அன்று தொடங்கி எங்கள் வீட்டில் தேத்தண்ணி அவர் வேலை. ஆம்பளை அடுப்படியில் நின்று பெண்டாட்டிக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறான் என்று வரிசை அறைகளில் குடியிருக்கும் லயமே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கு வேலை மிச்சம் என்று நான் இருந்துவிட்டேன்.

தேயிலை வகைகளை எனக்குச் சொன்னவர் அவர்தான். சொன்னார் என்பதைவிட அளந்தார் என்பதுதான் சரி. எல்லாம் ஒரே செடிதான். கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, சிவக்கவிட்டு, சூட்டில் காயவைத்தால் கறுப்புத் தேயிலை. சலித்த பிறகு நீளமாக முறுக்கிக்கொண்டு நிற்கும் பெரிய இலை அரபு நாட்டுக்குப் போகும். அங்கே சின்னக் கண்ணாடிக் கோப்பையில் பாலில்லாமல் குடிப்பார்களாம். அதைவிடப் பொடியாக உடைந்ததில் சீக்கிரம் சாயம் இறங்கும், பால் ஊற்றிக் குடிக்க நல்லது. எல்லாவற்றுக்கும் கடைசியில் சல்லடைக்குக் கீழே விழும் தூள் எங்களுக்கும் தேத்தண்ணிக் கடைகளுக்கும். நுவரெலியாக்காரர்கள் தங்கள் தேயிலையின் வாசத்தைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், நாங்கள் நிறத்தைச் சொல்வோம். எங்கள் பக்கத் தேயிலைக்கு அப்படி ஒரு கெட்டிச் சாயம்.

சிவக்க விடாமல் உடனே ஆவியில் வாட்டிக் காயவைத்தால் பச்சைத் தேயிலை. விரியாத மொட்டை மட்டும் கிள்ளி, உருட்டாமல் நோகாமல் உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. அதற்காக ஒரு தடவை கொழுந்தெடுக்கும் எங்களை மொட்டுக் கிள்ள விட்டார்கள். இரண்டு கையாலும் அள்ளிப் பழகியவர்களிடம் ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளு என்றால் எப்படி இருக்கும்? காலை முழுக்க நின்றும் கூடையின் அடி மறையவில்லை. அந்தத் தேயிலையை எப்படியோ ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னார், வெந்நீருக்குக் கொலுசு போட்டுவிட்டது போல இருக்கிறதாம். அதன்பிறகு அந்த வகையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை.

எனக்கு முதல் கரு தங்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இப்போதும் மனம் வராது. ஆகவே மகள் வயிற்றில் தரித்தபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் முன்னால் நின்றது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கிளினிக் நடக்கும். மிட்வைஃப் மிஸ் சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், விரலில் குத்தி இரத்தம் எடுத்தார், முகத்தைச் சுருக்கினார். இரத்தம் மிகக் குறைவாம். இப்படியே போனால் பிள்ளை எடையில்லாமல் பிறக்கும், பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் நான் தாங்கமாட்டேன் என்று மறைக்காமல் சொன்னார். ஏறாவிட்டால் இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில் பிள்ளை பிறக்கும்வரை படுக்கவேண்டிவரும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் போடச் சொன்னார். இதையும் இழந்துவிடுவேனோ என்ற நினைப்பு வழியெல்லாம் என்னோடு நடந்துவந்தது.

விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு தேத்தண்ணியோடு கிளம்பிவிட்டார்கள். மாமியார் கொத்தமல்லியை வறுத்து இஞ்சியோடு அவித்துக் கொடுத்தார். அது உடம்புக் குத்துக்கும் சளித் தடிமனுக்கும் நல்லது. என்னோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த சிங்கள அக்கா ஒருவர் கீழேயுள்ள கிராமத்திலிருந்து வருவார். அவர் காய்ந்த வில்வப்பூவைக் கொண்டுவந்து, பெலி மல் குடித்தால் உடல் சூடு தணியும் என்றார். அடுத்த வாரம் ரணவரா என்று ஆவாரம்பூ வந்தது. அது மேனிக்கும் நீர்க்கடுப்புக்கும். கேட்காமலே வந்த அன்பு, வேண்டாமென்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றிலும் ஒவ்வொரு மடக்கு குடித்தேன். வயிற்றுக்குள் பிள்ளை நீச்சல் பழகியிருக்கும்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் மதிக்கவில்லை. பூவும் விதையும் அவித்தால் அது தேத்தண்ணியா என்றார். அவருடைய வைத்தியம் வேறு. சாயம் எவ்வளவு கெட்டியோ இரத்தமும் அவ்வளவு கெட்டியாகும் என்று யாரோ சொல்லி, அதை அப்படியே நம்பிவிட்டார். லயத்தில் பாதிப்பேர் நம்பியதுதான், நானும் நம்பினேன். செக்கச்செவேலென்று கோப்பையில் நிற்கிறதே, அது உடம்புக்குள் போய் வேறென்னவாக ஆகப்போகிறது? இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வெந்நீரால் கோப்பையைச் சூடாக்கி, தூளைப் போட்டு, நீரை ஊற்றி, சாயம் இறங்கும்வரை மூடிவைத்து, வடித்து, சீனி கலக்கி, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். நான் மாத்திரையை வாயில் போட்டுச் சாயத்தண்ணியால் விழுங்குவேன். கோப்பை காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் என்னைப்போல் சந்தோஷமான பெண் அந்தத் தோட்டத்திலேயே இல்லை.

மாத்திரையைத் தண்ணீரில் போடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் என்பது குளிக்கவும் துவைக்கவும். குடிப்பதென்றால் தேத்தண்ணி. பச்சைத்தண்ணி குடித்தால் சளி பிடிக்கும், வயிற்றுக்காரி குடித்தால் பிள்ளைக்கும் பிடிக்கும். மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணியைக் கொதிக்கவைக்கத்தான் வேண்டும், கொதிக்கவைத்த பிறகு ஒரு சிட்டிகை தூள் போடாமல் எந்த மடையன் குடிப்பான்? தலைவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, பூச்சி மாத்திரை எல்லாமே எங்கள் லயத்தில் சாயத்தண்ணியோடுதான் உள்ளே போகும்.

அடுத்த கிளினிக்கில் இரத்தம் ஏறவில்லை, இன்னும் இறங்கியிருந்தது. மிட்வைஃப் மிஸ் குரலைத் தாழ்த்தி, மாத்திரையை வீசுகிறாயா நங்கி என்று தங்கச்சியிடம் கேட்பதுபோல் கேட்டார். வாய் கசக்கிறது, குமட்டுகிறது என்று எத்தனையோ பேர் தேயிலைச் செடிக்கடியில் புதைத்துவிடுவார்களாம். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அழுகையும் அதோடு சேர்ந்துகொண்டது.

"நான் ஒரு மாத்திரகூட வீசினதில்ல மிஸ். நம்பிக்க இல்லாட்டி வீட்டுக்கு வந்து பாருங்க."

சொன்ன சொல்லுக்கு அந்தப் பெண் வந்தேவிட்டார். லயத்தில் வேறொரு வீட்டுப் பச்சைப்பிள்ளையைப் பார்க்க வந்தவர், பொழுது சாயும் நேரத்தில் எங்கள் காம்பராவுக்குள் நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பெண்டாட்டியைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டாரே என்று என் வீட்டுக்காரருக்கு ரோஷம். வேளைக்கு முன்பே எனக்குச் சோறு போடச் சொல்லி, பிறகு வழக்கமான சடங்கைத் தொடங்கினார். அன்று தூள் ஒரு கரண்டி கூடவே விழுந்தது. கோப்பையை ஒரு கையிலும் மாத்திரையை மறு கையிலும் வைத்து, இப்போது பாருங்கள் என்கிற மாதிரி என்னிடம் நீட்டினார்.

"அனே!" என்று மிட்வைஃப் மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே எனக்குப் புரியவில்லை. "தினமும் இப்பிடித்தானா?"

தினமும் இப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"ஐயோ, ஒரு கையால குடுத்து மத்தக் கையால பறிக்கிறீங்களே. தேயிலைச் சாயம் இரும்பப் புடிச்சு வச்சுக்கும், ஒடம்புக்கு விடாது. அதுவும் இவ்வளவு கெட்டிச் சாயம்!"

என் வீட்டுக்காரர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் மெல்ல மெல்ல மாறியது. அப்புறம் சின்னக் குரலில் கேட்டார், "கவ்வாத்துக் கத்தி கறுத்துப்போகுமே, அது மாதிரியா மிஸ்?" தேயிலைச் செடி வெட்டுகிற கத்தியைத் துடைக்காமல் வைத்தால், சாறு பட்ட இடமெல்லாம் மை பூசினதுபோல் கறுத்துவிடும். இது தோட்டத்தில் எல்லோரும் கண்டதுதான். கத்தி இரும்பென்றும் தெரியும், மாத்திரை இரும்பென்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. அதேதான் என்று மிட்வைஃப் மிஸ் தலையாட்டினார். மாத்திரையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் போடவேண்டும், அதில் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் இன்னும் நல்லது, தேத்தண்ணி வேண்டுமென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகவேண்டும், பூவும் விதையும் பிள்ளை பிறக்கும்வரை பரணில் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முருங்கைக்கீரை, வல்லாரை, நெத்தலி சாப்பிடச் சொன்னார். மாமியார் மட்டும் பச்சைத்தண்ணியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மிஸ் போனபிறகு வீடு துக்கவீடு மாதிரி ஆகிவிட்டது. இவர் அடுப்படியிலேயே குந்தியிருந்தார். நான்தான் பேச்சுக் கொடுத்தேன், தெரிஞ்சா செய்தீங்க, விடுங்க என்று. அவர் எழுந்து கேத்தலைக் கழுவித் துடைத்து, கைக்கு எட்டாத உயரத்தில் கவிழ்த்தார்.

"புள்ள பொறக்குற வரைக்கும் இது எறங்காது. நானும் குடிக்கமாட்டேன்."

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டில் குடிக்கமாட்டார், சரி. ஸ்டோரில் வேலை நடுவில் ஒரு பக்கெட் தேத்தண்ணி வருமே, அதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு மணி நேரம் விட்டுக் குடிக்கலாம் என்றுதான் மிஸ் சொல்லியிருந்தார். ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, ஒரேயடியாக விட்டுவிட்டேன். விட்ட முதல் வாரம் இருக்கிறதே, அப்பப்பா. தலை இரண்டாகப் பிளந்தது. நிற்கிறவர்கள் நடக்கிறவர்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். முக்கியமாக அவர் மேல். வேலை விட்டு உள்ளே நுழையும்போதே அவர் சட்டையும் தலைமயிரும் தேயிலையாக மணக்கும். எனக்கு நாக்கு ஊறும், அடுத்த கணம் கோபம் ஏறும்.

"நல்லா குடிச்சிட்டு வந்திருக்கீங்க போல" என்பேன்.

ஸ்டோரில் வேலை செய்கிறவன்மேல் சாம்பிராணியா மணக்கும் என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். குடிக்கவில்லை என்று சத்தியம் செய்திருந்தால்கூட நான் நம்பியிருப்பேனோ என்னவோ. அவர் சத்தியமெல்லாம் செய்யவில்லை. அதுவே எனக்கு அத்தாட்சியாகப் பட்டது. நான் இங்கே முருங்கைக்கீரையை மென்றுகொண்டு கிடக்கிறேன், இவர் அங்கே பக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து நினைத்துப் பொருமினேன். சில நாள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அப்போதும் இராத்திரியில் ஆறிய தண்ணீரும் தேசிக்காயும் மாத்திரையும் தவறாமல் என் கைக்கு வந்தன.

இரத்தம் ஏறியது. முதலில் கொஞ்சம்போல, அப்புறம் நன்றாகவே. மிட்வைஃப் மிஸ் என் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் தட்டினார், இனி முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கவேண்டியதில்லை என்றார். டிஸ்பென்சரியிலிருந்து லயம்வரை அன்று நான் நடந்த நடையைக் கர்ப்பிணியின் நடை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிங்கள அக்கா என் நிறம் திரும்பிவிட்டதென்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது பெலி மல்லின் பலன் என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

வலி எடுத்து இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போனேன். மகள் நல்ல எடையோடு பிறந்தாள். பிறந்ததும் கத்திய கத்தலில் எடையைவிடக் குரல்தான் அதிகம் என்று நர்ஸ் சிரித்தார். எனக்கும் இரத்தம் போகத்தான் செய்தது, ஆனால் தாங்கினேன். மறுநாள் பகல் ஆஸ்பத்திரிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது, பார்வையாளர் நேரத்தில் அவரும் ஸ்டோரில் அவரோடு சலிக்கிற கூட்டாளியும் வந்தார்கள். அவர் பிள்ளையைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தார். என்ன இருக்கிறதென்று திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு ஊறியது.

"சோறு தின்னுட்டியா? எப்ப?"

இப்போதுதான் என்றேன். பிளாஸ்க் மூடியைத் திருகப்போன கையை அப்படியே நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம் போகட்டுமாம். எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் ஸ்டோரில் பக்கெட் பக்கெட்டாகக் குடிக்கும்போது எந்த மணியைப் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டாளிதான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவனா? அக்கா, இனியாவது இவனக் குடிக்கச் சொல்லுங்க. இத்தன மாசமா இவன் பங்கையும் சேத்து நான்தான் குடிக்கிறேன். ராவுல தூக்கமே வர்றதில்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தேயிலையில் பொழுது விடிந்து தேயிலையில் பொழுது சாயும் மனிதர், மூக்கு நிறையத் தூளோடு நின்றுகொண்டு, பக்கத்தில் வந்த கோப்பையைத் தொடாமல் இருந்திருக்கிறார். நான் பேசிய பேச்சுக்கெல்லாம் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. என்மேல் இப்படி ஒரு ஆசையா என்று நினைத்ததும் கண் நிரம்பிவிட்டது. பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"நான் அப்புறம் குடிக்கிறேன். நீங்க இப்பவே குடிங்க" என்றேன்.

இல்லை, உன்னோடு சேர்ந்து என்று இழுத்தார். மணி அடித்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள், குடிங்க என்று அதட்டினேன். பிளாஸ்க் மூடியில் ஊற்றினார். இஞ்சி வாசம் கட்டிலைச் சுற்றிப் பரவியது. எட்டிப் பார்த்தேன். மூடிவைத்து வடித்த தெளிந்த சிவப்பல்ல. கலங்கிக் கறுத்திருந்தது, எங்கள் ருவான்வெல்லை லயத்தில் விடியுமுன் குடிப்பதுபோல.

"கொதிக்க வச்சீங்களா?"

"ம். கஷாயந்தான்" என்றார். "ஒனக்கு இப்படித்தானே புடிக்கும்."

சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய கித்துள் கருப்பட்டியை எடுத்தார். ஒரு துண்டை உடைத்து என் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, மற்றதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, இறப்பர் தோட்டத்தில் பிறந்தவர்போல உறிஞ்சினார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர்கள் கிளம்பிப் போனார்கள். பிளாஸ்க் என்னிடம் இருந்தது. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி படுத்திருந்து, ஒரு மணி நேரம் கழிந்தபிறகு ஊற்றிக் குடித்தேன். அப்போதும் அது சூடாகவே இருந்தது.